வட்டு போச்சா, வழி போச்சா?

சர்வர் லாக்குல நாலு வரி "ஐ.ஓ. எரர்" வந்துட்டா போதும், நம்ம ஆளுங்க வாயில வர்ற முதல் வார்த்தை: "டிஸ்க் போச்சு மச்சி, மாத்திடலாம்." வீட்டுக் கம்ப்யூட்டர்ல அது சரியாவே இருக்கலாம். ஆனா நெட்வொர்க் வழியா மல்டிபாத் ஸ்டோரேஜ்ல ஓடுற சர்வர்ல முதல்ல சந்தேகப்பட வேண்டியது வழியை, அப்புறம்தான் வட்டை. இது என் கட்சி.

நம்ம ஊர்க் கணக்குல சொல்றேன். தர்மபுரியிலிருந்து சேலம் போக தொப்பூர் கணவாய் ஒரு வழி. அரூர் போய் மஞ்சவாடி கணவாய் இறங்கினா இன்னொரு வழி, கொஞ்சம் சுத்து. தொப்பூர்ல லாரி கவிழ்ந்து ரோடு அடைச்சா, சேலமே இடிஞ்சு போச்சுன்னு யாராவது சொல்வாங்களா? சர்வர் விஷயத்துல மட்டும் அப்படித்தான் சொல்றோம்!

மல்டிபாத்ல ஒரே ஸ்டோரேஜ் துண்டுக்கு (இதை லன்னு சொல்வாங்க) பல வழி இருக்கும். 500 ஜிபி லன் ஒண்ணு, வழி 4 இருந்தா, லினக்ஸ் அதை எஸ்டிபி, எஸ்டிசி, எஸ்டிடி, எஸ்டிஈன்னு நாலு டிஸ்க்கா காட்டும். புதுசா பார்க்கறவங்க 2000 ஜிபி இருக்குன்னு சந்தோஷப்படுவாங்க. எஸ்டிசி சும்மாதானே இருக்குன்னு ஃபார்மட் அடிச்சா, எஸ்டிபியில இருக்கற டேட்டாவும் காலி. ரெண்டும் ஒண்ணுதான். அதனால எதைச் செஞ்சாலும் மல்டிபாத் கொடுக்கற பெயர்லதான் செய்யணும்.

சரி, எரர் எங்கேன்னு எப்படிக் கண்டுபிடிக்கறது?

ஒண்ணு: சில ஸ்டோரேஜ்ல ஒரு கன்ட்ரோலர் வேலை செய்யும், இன்னொண்ணு சும்மா காத்திருக்கும். சர்வர் பூட் ஆகும்போது காத்திருக்கற வழியையும் படிச்சுப் பார்க்கும். அது மறுத்துடும். லாக் முழுக்க "லாஜிக்கல் பிளாக் 0" எரர். மல்டிபாத் பட்டியல்ல அந்த வழி "கோஸ்ட்"னு இருந்தா, பேய் இல்லைங்க, அது வழக்கமான நிலைதான். எல்விஎம் மல்டிபாத் பெயரை மட்டும் பார்க்கற மாதிரி ஃபில்டர் போட்டா பெரும்பாலும் சத்தம் அடங்கும்.

ரெண்டு: ஒரு வழியில மட்டும் எரர், மத்த வழிகள் நல்லா ஓடுதுன்னா கேபிள், போர்ட், ஸ்விட்ச், அடாப்டர்னு வரிசையா பாருங்க.

மூணு: எல்லா வழியிலயும் அதே செக்டார்ல "மீடியம் எரர்"னு வந்தா, அப்பதான் கோளாறு ஸ்டோரேஜ் பக்கம்.

இன்னொரு சங்கதி. எல்லா வழியும் செத்தா, அமைப்பைப் பொறுத்து, மல்டிபாத் எரரே கொடுக்காம வரிசையில நிறுத்தி வைக்கும். ப்ரோக்ராம் அப்படியே உறைஞ்சு நிக்கும். எரர் இல்லைன்னா எல்லாம் சுகம்னு அர்த்தம் இல்லை.

"ரெண்டு வழி இருக்கே, அப்புறம் என்ன பயம்?"னு கேட்கறவங்களுக்கு ஒரு நிஜக் கதை. இது சர்வர் ரூமுக்கு வெளியில நடந்தது, ஆனா பாடம் ஒண்ணுதான். 2021 பிப்ரவரி 24 அன்று காலை 11:40க்கு தேசியப் பங்குச் சந்தையில வர்த்தகம் நின்னுது. திரும்ப ஆரம்பிச்சது பிற்பகல் 3:45க்கு. 5 மணி வரை நீட்டிச்சாங்க. சந்தை சொன்ன காரணம்: ரெண்டு வேற வேற தொலைத்தொடர்பு நிறுவனங்களோட இணைப்பும் தடுமாறிச்சு, வழியில ரோடு தோண்டற, கட்டுமான வேலை. அதோட ஸ்டோரேஜ் நெட்வொர்க்கும் எதிர்பாராத விதமா நடந்துகிட்டதால, ரிஸ்க் பார்க்கற சிஸ்டம் கிடைக்காம போச்சு. நாட்டோட பெரிய சந்தைக்கே இந்தக் கதின்னா, மத்தவங்க நிலைமை?

ஆக, வழி ரெண்டா நாலாங்கறது பெரிசில்ல. நாலும் ஒரே கார்டுல, ஒரே ஸ்விட்ச்ல போய் முடிஞ்சா அது ஒரு வழிதான். ஒண்ணை வேணும்னே பிடுங்கிப் பார்த்து, வேலை நிக்காம ஓடுதான்னு சோதிக்காத வரைக்கும் ரெண்டாவது வழி வெறும் நம்பிக்கைதான். அந்தச் சோதனையை சர்வர் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடியே செய்யணும். பாடத்துல ரெய்டு லெவல் எல்லாம் மனப்பாடம் பண்றோம். ஒரு நாள் லேப்ல கேபிளைப் பிடுங்கவும் சொல்லிக் கொடுத்தா நல்லா இருக்கும்.