உறையாத நதி

தியான்ஷான் மலைகளுக்கிடையே, சுமார் 2,400 மீட்டர் உயரத்தில், கைடு ஆறு பாம்புபோல் நெளிந்தோடும் பாயன்புலக் புல்வெளியின் படமொன்றை அண்மையில் பார்த்தேன். அன்னங்கள் வந்து தங்கும் அந்த ரம்மியமான பிரதேசம், அதாவது சின்ஜியாங்கின் ஹெஜிங் மாவட்டத்து மேய்ச்சல் நிலம், ஒரு ஜனசமூகத்தின் வாசஸ்தலமான விதத்தை எண்ணுகையில் அதன் அழகில் மட்டும் மனம் லயிக்க மறுக்கிறது. வோல்கா நதி தீரத்தில் ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக மந்தை மேய்த்திருந்த தோர்குத் மங்கோலியர், ருஷ்யப் பேரரசின் யுத்தங்களுக்கு ஓயாமல் ஆள் கொடுத்துச் சலித்து, உபாஷி கானின் தலைமையில் 1771 ஜனவரியில் கிழக்கு நோக்கிப் புறப்பட்டதும், பனிக்கும் பசிக்கும் வழிநெடுகிலும் நேர்ந்த தாக்குதல்களுக்கும் அவர்களில் பெரும்பகுதியினர் பலியானதும் வாசகர் அறிந்த சரித்திரம். ஆயின் என் நெஞ்சைவிட்டு அகலாதது வேறொன்று: அவ்வாண்டு குளிர் போதாமல் வோல்கா உறுதியாக உறையாததால், மேற்குக் கரையில் இருந்தவர்கள் மந்தைகளோடு நதியைக் கடக்க இயலாது அங்கேயே தங்கிவிட்டார்கள். கல்மிக்கியர் என்று இன்று அறியப்படுபவர்கள் அவர்களுடைய சந்ததியாரே. 1943 டிசம்பரில் ஸ்டாலின் ஆட்சி அவர்களையும் கூண்டோடு சைபீரியாவுக்கு நாடு கடத்தியது. பாயன்புலக்கின் வரலாற்றை எழுதப் புகுவோர், அங்கே வந்து சேராத இந்த உறவினருக்கும் அதில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியே ஆகவேண்டும்.