ரேகை விழாத கைகள்

தராசு எடை காட்டினால் போதும். ரேஷன் கடைத் தராசுக்கு இப்போது கூடுதல் வேலை வந்திருக்கிறது: புளூடூத் வழியே விற்பனைக் கருவியோடு அது இணைய வேண்டும், இணைந்தால்தான் பில் வரும். 2025-ல் இந்த ஏற்பாடு பரவியபோது, பில் போட நேரமாகிறது, வரிசையில் நிற்பவர்களிடம் நாங்கள்தான் ஏச்சு வாங்குகிறோம் என்று கடைப் பணியாளர்கள் போராடினார்கள். அதே புகாரை இந்த வாரமும் படித்ததில் வந்த எரிச்சல் இன்னும் தணியவில்லை. எடைக்குறைவைத் தடுக்கவே இணைப்பு என்கிறார்கள். நோக்கத்தில் குறையில்லை, நூறு கிராம் குறைந்தாலும் அது ஏழை வயிற்றில் அடிப்பதுதான். ஆனால், கிடங்கிலிருந்து வரும் மூட்டையே எடை குறைவாக இறங்குகிறது என்பது பணியாளர்களின் நெடுநாள் குமுறல். அங்கே கெடுபிடி இல்லாமல் கடைசிப் படியில் மட்டும் கணினியை வைத்தால், மேலே நடக்கும் தவறுக்குக் கீழே இருப்பவர் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

தராசின் பக்கத்திலேயே கைரேகைக் கருவி இருக்கிறது. இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு அதன்மேல் எனக்குள்ள பழைய கோபம் தெரியும். விரல் நுனியின் மேடுகள் கண்ணாடியில் அழுந்தப் பதிந்தால்தான் அதற்குள்ளிருக்கும் ஒளி ரேகையைப் படமாக்கும். வறண்ட தோலும் தேய்ந்த மேடும் பதியாது. திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளில் நாள் முழுக்க ஈரமண்ணை அச்சில் திணித்து, மணல் தூவி, மேற்பரப்பை விரலால் வழிப்பவர்களுக்கு அந்த மேடு எவ்வளவு மிஞ்சும்? கும்மிடிப்பூண்டி உருக்காலைகளில் பழைய இரும்பைப் பிரித்து உலைக்குத் தள்ளுபவரின் கையும் அப்படித்தான். உழைத்துத் தேய்ந்த கையைத்தான் “ரேகை விழல, நாளைக்கு வாங்க” என்று திருப்பி அனுப்புகிறோம். இது எங்கோ ஓரிரண்டு பேரின் தொல்லை அன்று. 2016-17 ஆண்டுக்கான மத்திய அரசின் பொருளாதார ஆய்வறிக்கையே, ரேகைச் சரிபார்ப்பு தோற்கும் அளவு ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு என்ற மதிப்பீடுகளை எடுத்துச் சொன்னது.

கருவி இல்லாவிட்டால் களவு பெருகாதா என்று கேட்பார்கள். வந்தவர் யார் என்பதைத்தான் ரேகை சொல்லும். அவர் பையில் எத்தனை கிலோ விழுந்தது என்பதைச் சொல்லாது. ஜார்க்கண்டில் பொருளியலாளர் கார்த்திக் முரளிதரனும் உடன் ஆய்வாளர்களும் இதைக் களத்திலேயே சோதித்தார்கள். ரேகை முறையால் மட்டும் களவு குறையவில்லை. ஆதார் இணைக்காத அட்டைதாரர்களோ தமக்குக் கிடைத்துவந்ததில் சுமார் 10 விழுக்காட்டை இழந்தார்கள். இன்னொரு வாதத்துக்கு வலு உண்டு. 2020 அக்டோபரில் தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்த ‘ஒரே நாடு ஒரே ரேஷன் அட்டை’ திட்டத்தால் ஒடிசா அட்டையை வைத்திருப்பவர் கும்மிடிப்பூண்டியிலும் அரிசி வாங்கலாம். காகித அட்டையால் அது முடிந்திருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆதார் சரிபார்ப்பு இல்லாமல் அவருக்கு அரிசி கிடையாது. அவரைத் தெரிந்தவர் என்று சாட்சி சொல்லவும் இங்கே ஆளில்லை. கருவி யாருக்கு மிகத் தேவையோ, அவருக்கே அதன் பழுதும் மிகப் பெரிய அடியாகிறது.

சரிபார்ப்பு தோற்றதைக் காரணம் காட்டிப் பொருளை மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அந்த உத்தரவு கடை மேசைவரை வந்து சேர வேண்டும். 1997-ல் மத்திய அரசு ரேஷனை ஏழைகளுக்கு மட்டும் எனச் சுருக்கியபோதும் எல்லோருக்கும் அரிசி என்பதில் உறுதியாக நின்ற மாநிலம் இது. ரேகை விழாவிட்டால் பதிவேட்டில் ஒரு கையெழுத்து, அன்றைக்கே அரிசி: இந்த உரிமையை வெளிமாநில அட்டைக்கும் சேர்த்து ஒவ்வொரு கடை வாசலிலும் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் எழுதி வைக்க வேண்டும். அதன்படி கொடுத்த விற்பனையாளரிடம் யாரும் விளக்கம் கேட்கக் கூடாது. கருவி பழுதானால், அந்தச் சுமையைக் கருவியை வைத்தவர்தான் சுமக்க வேண்டும்.