அஞ்சு பாகம் படிச்சிட்டு வந்துதான் பேசணுமா?

கொஞ்ச நாளா ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் வர முடியல. இப்பவும் எழுதியிருக்க மாட்டேன், பொங்கலுக்கு கே.ஜி.கண்டிகை வீட்டுல நடந்த கூத்து எழுத வெச்சிடுச்சு.

டிவியில 'பொன்னியின் செல்வன் 2' ஓடிட்டு இருந்தது. 2023 ஏப்ரல் 28-ல வந்த படம், இன்னும் சண்டை ஓயல. எங்க அக்கா அனுபவிச்சுப் பார்த்துட்டு, "நந்தினி பாவம்டா"ன்னு சொன்னா. அவ்வளவுதான். பெரியம்மா பையன் எழுந்து உட்கார்ந்துட்டாரு. "நீ புக்கு படிச்சிருக்கியா? அஞ்சு பாகம் படிச்சிட்டு வந்து பேசு. இது கல்கிக்கும் சோழ வரலாத்துக்கும் பண்ண துரோகம்." அக்கா அதுக்கப்புறம் வாயே தொறக்கல. எனக்கு எரிஞ்சது அங்கதான்.

நான் அஞ்சு பாகமும் மூணு தடவை படிச்சவன். அந்தத் தகுதியில(!) சொல்றேன், அண்ணே, நீங்க சொன்னது ரெண்டுமே தப்பு.

முதல்ல வரலாறு. நான் வாரா வாரம் திருத்தணி எலக்ட்ரிக் ட்ரெயின்ல திருவாலங்காடு ஸ்டேஷனைத் தாண்டித்தான் மெட்ராஸ் போறேன். அந்த ஊர்ல 1905-ல கிடைச்ச ராஜேந்திர சோழன் செப்பேடு என்ன சொல்லுது? ஜனங்க அருள்மொழியைத்தான் ராஜாவா கேட்டாங்க, சித்தப்பாவுக்கு ஆசை இருக்கற வரைக்கும் எனக்கு வேணாம்னு அவர் விட்டுக்கொடுத்துட்டாருன்னு சொல்லுது. மதுராந்தகன்தான் உத்தம சோழன். குழந்தை மாறின கதை எதுவும் அதுல இல்ல. சேந்தன் அமுதன்தான் நிஜமான வாரிசுங்கறது முழுக்க கல்கியோட கைச்சரக்கு. படம் அதை எடுத்துட்டு நேரா மதுராந்தகனுக்கே கிரீடம் வெச்சது. அதாவது நீங்க துரோகம்னு குதிக்கிற எடத்துல, படம்தான் செப்பேட்டுக்குப் பக்கத்துல நிக்குது. நந்தினியும் பூங்குழலியும்கூட கற்பனைதான். கல்கிக்கு அந்த உரிமை உண்டுன்னா மணிரத்னத்துக்கு ஏன் கிடையாது?

ஆதித்த கரிகாலன் கொலையும் அப்படித்தான். உடையார்குடி கல்வெட்டு சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன்னு துரோகிங்க பேரைச் சொல்லுது. ஏன் கொன்னாங்கன்னு சொல்லல. நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேலயே சந்தேகப்பட்டாரு. கல்கி யார் கத்தின்னு தெளிவா சொல்லாம இருட்டுல விட்டுட்டுப் போயிட்டாரு. அந்த ஓட்டையை ஒவ்வொருத்தரும் அவங்கவங்க பாணியில அடைக்கிறாங்க.

இன்னொண்ணு. கல்கி காலத்து வாசகர்கள் மட்டும் திருப்தியாவா இருந்தாங்க? 1950-லேருந்து 1954 வரைக்கும் வாரா வாரம் மணியம் படத்தோட படிச்சவங்க, கதை முடிஞ்சதும் அவருக்கு என்னாச்சு, இவருக்கு என்னாச்சுன்னு கேட்டுக் கொடைஞ்சதுல, தனியா ஒரு முடிவுரை எழுதிப் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு அந்த மனுஷனுக்கு. அப்புறம் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'ன்னு தொடர்ச்சியே எழுதினாரு. யாரும் வானம் இடிஞ்சு விழுந்து சாகல.

சரி, படத்துல குறையே இல்லியான்னு கேப்பீங்க. இருக்கு சாமி, நிறைய இருக்கு. ஆனா அது "புக்குல இல்ல"ங்கற குறை கிடையாது. மணிமேகலையைத் தூக்கினாங்களே, அதான் பெரிய குறை. கதையில வந்தியத்தேவன் மேல கொலைப்பழி விழறப்ப, நான்தான் கொன்னேன்னு பழியைத் தன் தலையில போட்டுக்கிட்டு, கடைசியில புத்தி பேதலிச்சு அவன் மடியில சாகற பொண்ணு. அவ இல்லாததால அவன் மேல விழுந்த பழிக்கு வெயிட்டே இல்ல. வந்தது தெரியாம போயிடுது. புக்கைத் தொடாதவங்களுக்குக்கூட அந்த எடத்துல ஏதோ ஒட்டலன்னு தோணும். அக்காவே, "அவன் மேல பழி போட்டாங்க, அப்புறம் என்னடா ஆச்சு?"ன்னு கேட்டா. அண்ணன் பண்ண அத்தனை ஆர்ப்பாட்டத்தைவிட இந்த ஒரு கேள்வி நல்ல விமர்சனம்.

அப்புறம் அந்த ராஷ்டிரகூடர் சண்டை. இங்கேருந்து கூப்பிடு தூரத்துல தக்கோலம். 949-ல ராஷ்டிரகூடன்கிட்ட சோழப்படை தோத்து, இளவரசன் ராஜாதித்தன் யானை மேலயே செத்த எடம். அந்த வடு இருக்கற வம்சம் திரும்ப ராஷ்டிரகூடனோட மோதுதுன்னா எவ்வளவு கோபம் தெறிக்கணும்? படத்துல கடைசியில ஒரு சண்டை வேணுமேன்னு ஒட்டவெச்ச மாதிரி வந்து போச்சு. எங்க ஏரியாக்காரனா இதுல எனக்கு நிஜமாவே வருத்தம்.

இப்படி ஆயிரம் பேசலாம். பேசறதுக்கு ரேஷன் கார்டு மாதிரி அஞ்சு பாகத்தையும் காட்டணும்னு சொல்றதுதான் எனக்குப் பிடிக்கல. நீங்க ஒம்பதாங்கிளாஸ்ல லைப்ரரியில எடுத்துப் படிச்சீங்க. அக்காவுக்கு அந்த வயசுல தண்ணி எடுக்கவும் தம்பியைப் பார்த்துக்கவும்தான் நேரம் இருந்தது. (அந்தத் தம்பி நான்தான்.) கல்கி எழுத்து நாட்டுடைமை ஆயிடுச்சு அண்ணே, உங்க பேர்ல பட்டா போடல.

மறுநாள் கெளம்பறப்ப முதல் பாகத்தை அக்கா கையில குடுத்தேன். போன வாரம் போன் பண்ணா. வீராணம் ஏரிக்கரையிலேயே பத்து நாளா நிக்கறாளாம். "இவ்ளோ வர்ணனையாடா? படமே தேவலாம்"னு சொல்றா. அண்ணன்கிட்ட இன்னும் சொல்லல.