ஆறு சக்கர லாரியா? டிரெய்லரா?
கரிசல் சீமை லாரிக்காரர்களின் புதுக் கணக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களில் விவசாயம் என்பது வானத்தைப் பார்த்துச் செய்யும் தொழில். குண்டாற்றில் தண்ணீர் ஓடும் நாட்கள் குறைவு. கண்மாய் நிறைந்தால் விளைச்சல் உண்டு, நிறையாவிட்டால் இல்லை. பருத்தி, சோளம், கம்பு, மல்லி, மிளகாய் எல்லாம் மழையை நம்பி நிற்பவை.

ஆகவே பல குடும்பங்கள் வேறு பிழைப்பைத் தேடின. சிலர் தறியில் உட்கார்ந்தார்கள். சிலர் நூல் மில்லுக்குப் போனார்கள். சிலர் சீமைக் கருவேலமரம் வெட்டிக் கரிமூட்டம் போட்டார்கள். இன்னும் சிலர் லாரியில் கிளீனராக ஏறினார்கள். கிளீனர் டிரைவர் ஆனார். டிரைவர் கடன் வாங்கி, பழைய லாரி ஒன்றுக்குச் சொந்தக்காரர் ஆனார்.

அந்தச் சொந்தக்காரர் முன் இப்போது ஒரு கேள்வி நிற்கிறது. ஆறு சக்கர லாரியை விட்டு டிரெய்லர் வாங்கலாமா?

இது சின்ன விஷயம் அல்ல. ஒரு குடும்பத்தின் வீடு, நிலம், நகை எல்லாமே இந்த ஒரு முடிவில் அடங்கியிருக்கின்றன.

டிரெய்லர் என்றால் என்ன?

சாதாரண லாரியில் இஞ்சினும் சரக்கு ஏற்றும் பெட்டியும் ஒரே சட்டத்தின்மேல் இருக்கும். டிரெய்லர் அப்படி அல்ல. முன்னால் இழுக்கும் வண்டி தனி. பின்னால் சரக்கைத் தாங்கும் நீண்ட மேடை தனி. இரண்டையும் ஓர் இரும்பு முளை இணைக்கிறது. வேண்டும்போது மாட்டலாம், வேண்டாதபோது கழற்றலாம்.

இரண்டும் தனித்தனியே பதிவு செய்யப்பட வேண்டியவை. செலவும் அப்படியே. ஆறு சக்கர லாரிக்கு டயர் 6. ஆறு அச்சுள்ள பெரிய டிரெய்லருக்கு மொத்தம் 22 டயர்!

ஆசை எப்படி வந்தது?

மதுரையிலிருந்து தூத்துக்குடிக்குப் போகும் நான்கு வழிச்சாலை அருப்புக்கோட்டையைத் தொட்டு, பந்தல்குடி, எட்டயபுரம் வழியாகச் செல்கிறது. அருப்புக்கோட்டையிலிருந்து தூத்துக்குடி சுமார் 100 கிலோமீட்டர். அங்கே பெரிய துறைமுகம் இருக்கிறது. 1974-ஆம் வருஷம் அது பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. 2011-இல் அதற்கு வ.உ.சிதம்பரனார் பெயர் சூட்டப்பட்டது. 1999-இல் அங்கே கன்டெய்னர் முனையம் வந்தது. 2024 செப்டம்பரில் இன்னொரு புதிய கன்டெய்னர் முனையம் திறக்கப்பட்டது.

கன்டெய்னர் என்பது இரும்புப் பெட்டி. நீளம் 20 அடி அல்லது 40 அடி. 40 அடிப் பெட்டியை ஆறு சக்கர லாரியில் ஏற்ற முடியாது. அதற்கு டிரெய்லர்தான் வேண்டும். காற்றாலை இறக்கைகளுக்கோ அதைவிட நீளமான டிரெய்லர் வேண்டும். இவற்றையெல்லாம் ரோட்டோரத்தில் நின்று பார்க்கும் சின்ன லாரிக்காரருக்கு ஆசை வருவது இயற்கைதானே!

சட்டமும் பெரிய வண்டிக்கு இடம் கொடுத்திருக்கிறது. 2018 ஜூலையில் மத்திய சர்க்கார் எடை வரம்பை உயர்த்தியது. அதன்படி இரண்டு அச்சு லாரி, தன் எடையும் சேர்த்து 18.5 டன் வரை இருக்கலாம், முன்பு 16.2 டன்தான். பெரிய டிரெய்லருக்கு வரம்பு 49 டன்னிலிருந்து 55 டன் ஆயிற்று. 2025 செப்டம்பர் 22 முதல் லாரிகளுக்கும், டிரெய்லரை இழுக்கும் வண்டிகளுக்கும் ஜி.எஸ்.டி. வரி 28 சதவிகிதத்திலிருந்து 18 சதவிகிதமாகக் குறைந்தது.

சரக்கு மூன்று பங்கு என்றால் லாபமும் மூன்று பங்கு என்று பலர் நினைக்கிறார்கள். தவறு நேர்வது இங்கேதான்.

எடைக் கணக்கும் நாள் கணக்கும்

கணக்கு புரிவதற்காக ஓர் உதாரணம். ஒருவர் கடனில் டிரெய்லர் வாங்குகிறார். மாதத் தவணை 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். டீசல், சுங்கம், டிரைவர் படி எல்லாம் போக ஒரு நடைக்கு 6,000 ரூபாய் மிஞ்சுகிறது என்றும் வைத்துக்கொள்வோம்.

ஒரு நடைக்கு இரண்டு நாள் ஆனால் மாதம் 15 நடை. வரவு 90,000 ரூபாய். அது தவணைக்கே சரி. டயர், இன்சூரன்ஸ், எப்.சி. செலவுக்கு ஒன்றும் இல்லை. வீட்டுக்கும் ஒன்றும் இல்லை.

அதே நடைக்கு மூன்று நாள் ஆனால்? மாதம் 10 நடை. வரவு 60,000 ரூபாய். தவணை கட்டவே 30,000 ரூபாய் குறைகிறது!

வண்டி அதேதான். டிரைவரும் அதேதான். வாடகையும் குறையவில்லை. ஒரு நாள் தாமதம்தான் இவ்வளவும் செய்தது.

அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? கன்டெய்னர் வேலையின் தன்மை அது. காலிப் பெட்டியைத் தூத்துக்குடியில் எடுக்க வேண்டும். மில்லுக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே சரக்கு ஏற்றும்வரை நிற்க வேண்டும். திரும்பி வந்து துறைமுக வாசலில் மறுபடியும் நிற்க வேண்டும். ஓடும் நேரத்தைவிட நிற்கும் நேரம் கூடிவிடுவதும் உண்டு. நிற்கும் வண்டிக்கு வாடகை வளராது; ஆனால் வட்டி வளரும்.

சின்ன லாரியின் பலம்

சின்ன லாரிக்கு ஒரு பலம் உண்டு. இன்று கரி மூட்டை, நாளை வைக்கோல், மறுநாள் நூல் பேல், அதற்கடுத்த நாள் சிமெண்டு என்று எதையும் ஏற்றும். திருச்சுழிப் பக்கத்துக் கிராமத் தெருவுக்குள்ளும் போகும். ஒரு வியாபாரி கைவிட்டால் இன்னொரு வியாபாரி இருக்கிறார்.

டிரெய்லர் அப்படி அல்ல. அதற்குக் கன்டெய்னரோ, கனமான இரும்போ, பெரிய இயந்திரமோ வேண்டும். அவற்றைத் தருபவர்கள் சிலரே. அவர்கள் தொழில் படுத்தால் டிரெய்லரும் படுத்துவிடும்.

இதற்கு உதாரணம் வேண்டுமா? 2018 மே மாதம் தூத்துக்குடி ஸ்டெர்லைட் தாமிர ஆலை மூடப்பட்டபோது, அதை நம்பி ஓடிய லாரிகளுக்கு வேலை போயிற்று. 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவிகித வரி போட்டபோது, திருப்பூர் பனியன் ஏற்றுமதி ஆட்டம் கண்டது. திருப்பூர்ச் சரக்கு தூத்துக்குடி வழியாகவும் கப்பலேறுகிறது. எங்கோ அமெரிக்காவில் போட்ட வரி, கரிசல் காட்டு டிரெய்லரின் தவணையில் வந்து நிற்கிறது!

நாமக்கல் சொல்லும் பாடம்

லாரித் தொழிலில் பேர்பெற்ற ஊர்கள் நாமக்கல்லும் சங்ககிரியும். அவையும் மழை குறைந்த வறட்டுப் பூமிதான். அங்கே பலர் எரிவாயு டாங்கர் போன்ற பெரிய வண்டிகளுக்கு மாறினார்கள். அவர்கள் வண்டியை மட்டும் நம்பவில்லை. எண்ணெய்க் கம்பெனிகளோடு எழுத்தில் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். சங்கமும் வைத்தார்கள்.

அப்படியும் சிக்கல் வந்தது. 2025 மார்ச்சில் புதிய ஒப்பந்த விதிகளை எதிர்த்துத் தென் மாநில டாங்கர் உரிமையாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மூன்று அச்சு வண்டிகளுக்கு முன்னுரிமை, மாற்று டிரைவர் இல்லாவிட்டால் அபராதம் என்பவை அவர்கள் ஆட்சேபித்த விதிகளில் சில. சங்கம் இருந்ததால் அவர்கள் ஒரே குரலில் பேச முடிந்தது. தனியாக நிற்கும் ஒற்றை டிரெய்லர்க்காரர் யாரிடம் போய்ப் பேசுவார்?

ஓட்டுவதும் வேறு வித்தை

எட்டாம் வகுப்புப் படித்திருந்தால்தான் லாரி ஓட்டும் லைசென்ஸ் என்ற விதியை 2019-இல் மத்திய சர்க்கார் நீக்கியது. ஏழைப் பிள்ளைகளுக்கு அது நல்ல செய்தி. ஆனால் பள்ளிப் படிப்பு வேறு, தொழில் படிப்பு வேறு.

டிரெய்லரைப் பின்னால் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் வால் வலது பக்கம் போகும். வளைவில் திரும்பும்போது பின்சக்கரங்கள் உள்பக்கமாக ஒதுங்கி வெட்டும். அங்கே சைக்கிள்காரர் ஒருவர் நின்றால் அவர் கதி என்ன? ஈர ரோட்டில் அவசரமாக பிரேக் போட்டால் முன்வண்டியும் பின்வண்டியும் மடக்குக் கத்தி போல் மடங்கிவிடும். இருபது வருஷம் லாரி ஓட்டியவரும் இதைப் புதிதாகத்தான் கற்க வேண்டும்.

தவணை நெருக்கடியில் சிலர் அதிகப் பாரம் ஏற்றுகிறார்கள். தூக்கம் இல்லாமல் ஓட்டுகிறார்கள். 2019-ஆம் வருஷத் திருத்தச் சட்டப்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் 20,000 ரூபாய். அதற்குமேல் கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாய். அபராதம் பணத்தோடு போகும். தூக்கம் உயிரோடு போகும்.

என்ன செய்யலாம்?

டிரெய்லரே கூடாது என்பதல்ல. வாங்கி முன்னுக்கு வந்தவர்களும் உண்டு. ஆனால் முறை மாறக்கூடாது. முதலில் வேலை, பிறகுதான் வண்டி.

ஒரு வருஷமாவது இன்னொருவர் டிரெய்லரைச் சம்பளத்துக்கு ஓட்டிப் பார்ப்பது நல்லது. எந்த மில்லில் எவ்வளவு நேரம் நிற்கிறது, துறைமுகத்தில் எத்தனை மணி ஆகிறது என்று ஒரு நோட்டில் எழுதிவர வேண்டும். அந்த நோட்டுதான் உண்மையான கணக்குப் பிள்ளை. நிற்கும் நாளுக்கும் கூலி உண்டா என்பதை வேலை தருபவரிடம் எழுத்தில் வாங்க வேண்டும். மூன்று மாதத் தவணையாவது கையிருப்பில் இருக்க வேண்டும். பழைய லாரியை உடனே விற்றுவிடக் கூடாது. கெட்ட மாதத்தில் அடுப்பு எரிய வைப்பது அதுவாகவும் இருக்கலாம்.

இன்னொன்று. கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன் வீட்டில் உள்ள பெண்களும் அதைப் படித்துப் பார்க்க வேண்டும். வட்டி எவ்வளவு, தவணை எத்தனை, தவறினால் என்ன ஆகும் என்று ஒவ்வொரு வரியையும் கேட்க வேண்டும். நகையைக் கழற்றிக் கொடுப்பவருக்குக் கணக்கைக் கேட்கும் உரிமை உண்டு.

கரிசல் காட்டு விவசாயிக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். ஈரம் பார்த்துத்தான் விதைக்க வேண்டும். நிலம் பெரிது என்பதற்காக யாரும் காய்ந்த மண்ணில் விதையைக் கொட்டுவதில்லை. டிரெய்லருக்கும் அதே நியாயம்தான்.