பர்மிங்ஹாம் பேச்சுக்கு என்ன குறை?

பிபிசியின் காலை நிகழ்ச்சியில் பொருளாதாரச் செய்திகளை விளக்கிவந்த ஸ்டெஃப் மெக்கவர்னுக்குப் பார்வையாளர் ஒருவர் 20 பவுண்டு அனுப்பிவைத்தார். பாராட்டி அனுப்பிய பணம் என்று நினைத்துவிட வேண்டாம். உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளும் சிகிச்சைக்கு அவர் பங்காகக் கொடுத்த தொகை அது. வடகிழக்கு இங்கிலாந்தின் பழைய இரும்பாலை நகரமான மிடில்ஸ்பரோவில் வளர்ந்தவர் மெக்கவர்ன். பங்குச் சந்தையைப் பற்றிப் பேசினாலும் அந்த ஊர்ப் பேச்சிலேயே பேசுவார். பணம் அனுப்பியவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

பிரிட்டனில் இது பழைய கதை. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, யார்க்‌ஷயரின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த வில்ஃப்ரெட் பிக்கிள்ஸை தேசியச் செய்தி வாசிக்க வைத்தது பிபிசி வானொலி. 'குட் நைட்' என்பதை ஊர் வழக்கில் 'குட் நீட்' என்று சொல்லி முடிப்பார் அவர். ஜெர்மானியர்கள் பிபிசியைப் போல் போலிச் செய்தி ஒலிபரப்பினால் இந்தப் பேச்சைப் பார்த்து நகலெடுக்க முடியாது என்பது அவரைத் தேர்ந்தெடுத்ததற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது. நேயர்கள் அதை ரசிக்கவில்லை. இப்படி வாசித்தால் செய்தியை எப்படி நம்புவது என்று கேட்டவர்களும் இருந்தார்கள். குண்டு விழுந்த செய்தியாக இருந்தாலும் அதைத் தெற்கத்திக் கனவான் ஒருவர் சொன்னால்தான் அது நடந்ததாக அர்த்தம்போல.

அந்தக் கனவான் பேச்சு யாருடையது? ஒலியியல் அறிஞர் டேனியல் ஜோன்ஸ் 1917இல் வெளியிட்ட உச்சரிப்பு அகராதியில் அதற்கு 'பப்ளிக் ஸ்கூல் உச்சரிப்பு' என்றே பெயர் வைத்தார். பெயரில் 'பப்ளிக்' இருந்தாலும் அவை பணக்காரப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் கட்டணப் பள்ளிகள். அது எந்த ஊரின் பேச்சு என்பதைவிட எந்த வீட்டின் பேச்சு என்பதே முக்கியம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. 1926ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தப் பெயர் 'ரிசீவ்டு புரொனன்சியேஷன்' என்று மாறியது. பெயர் மாறியதும் வர்க்க வாடை போய்விட்டது. 'பொதுவான, ஊர் அடையாளம் இல்லாத, சரியான ஆங்கிலம்' என்ற தோற்றம் மட்டும் நின்றது. 1970களில் மொழியியல் அறிஞர் பீட்டர் டிரட்கில் போட்ட கணக்குப்படி அந்தப் பேச்சைப் பேசியவர்கள் மக்கள்தொகையில் ஏறத்தாழ 3 சதவீதம். நம் ஊர்ப் பள்ளிகளில் 'பிரிட்டிஷ் உச்சரிப்பு' என்று காட்டப்பட்டதும் இந்த 3 சதவீதத்தின் பேச்சுதான். தங்களுக்கு ஆக்சென்ட் எதுவும் கிடையாது என்று நம்பும் சலுகையும் இவர்களுக்கு மட்டுமே உண்டு.

வேடிக்கை என்னவென்றால், 'சரியான' உச்சரிப்பின் இன்றைய அடையாளங்கள் பலவும் ஒரு காலத்தில் கொச்சையாகக் கருதப்பட்டவை. வடக்கு, தெற்கு இங்கிலாந்தைப் பிரித்துக் காட்ட எல்லோரும் சொல்லும் உதாரணம் 'பாத்', 'கிளாஸ்' போன்ற சொற்கள். தெற்கே இவற்றின் உயிரொலியை நீட்டுவார்கள், வடக்கே குறுக்குவார்கள். நீட்டினால் படித்தவர், குறுக்கினால் பட்டிக்காடு என்பது இன்றைய கணக்கு. ஆனால், 1791இல் வெளிவந்த தன் புகழ்பெற்ற உச்சரிப்பு அகராதியில் ஜான் வாக்கர் இதற்கு நேர்மாறாக எழுதியிருக்கிறார்: இப்படி நீட்டுவது கிட்டத்தட்டக் கொச்சை! பழைய குறிலை வடக்கு காப்பாற்றி வைத்திருக்கிறது, லண்டன்தான் மாறியது. மாறியவர்களிடம் பணமும் அதிகாரமும் இருந்ததால், மாறாதவர்கள் தவறாகப் பேசுபவர்கள் ஆகிவிட்டார்கள்.

இன்னொன்றையும் பாருங்கள். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கின்போது பிபிசி தொகுப்பாளரும் முன்னாள் கால்பந்து வீராங்கனையுமான அலெக்ஸ் ஸ்காட், சொல்லின் கடைசியில் வரும் 'ங்' ஒலியை விட்டுவிட்டு 'ரன்னின்', 'ஸ்விம்மின்' என்று பேசுகிறார் எனப் பகிரங்கமாகக் குறைகூறினார் டிக்பி ஜோன்ஸ் பிரபு. ஸ்காட் கிழக்கு லண்டனின் பாப்லர் பகுதி உழைக்கும் வர்க்கக் குடும்பத்தில் வளர்ந்தவர். தன் பேச்சில் பெருமைதான் என்று அவர் பதிலளித்தார். நூறு ஆண்டுகளுக்கு முன்பு இதே ஒலியை இதே மாதிரி விட்டுவிட்டுப் பேசியவர்கள் யார் தெரியுமா? வேட்டைக்குப் போகும் பிரபுக்கள். 'ஹன்டின், ஷூட்டின், ஃபிஷின்' என்பது அன்று உயர்குடியின் முத்திரை. டிக்பி ஜோன்ஸ் பிறந்த ஊர் பர்மிங்ஹாம் என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன்; அதற்கான காரணம் அடுத்து வருகிறது.

பிரிட்டனில் எந்த ஊர்ப் பேச்சு பிடிக்கும், பிடிக்காது என்று கேட்கும் ஆய்வுகளில் பல பத்தாண்டுகளாகக் கடைசி இடத்திலோ அதை ஒட்டியோ நிற்பது பர்மிங்ஹாம். 1970இல் ஹோவர்டு கைல்ஸ் செய்த ஆய்வில் தொடங்கி, 2004இல் பிபிசியுடன் சேர்ந்து 5,000க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட ஆய்வு வரை இதுதான் நிலை. அந்த 2004 ஆய்வில் 34 ஆக்சென்டுகளுக்கு மதிப்பெண் போடச் சொன்னார்கள். ஆனால், யாருக்கும் எந்தக் குரலையும் போட்டுக் காட்டவில்லை. பெயரை மட்டுமே சொன்னார்கள். காதில் ஒரு ஒலிகூட விழாமலேயே பர்மிங்ஹாம் தோற்றது. ஆசிய உச்சரிப்பு கொண்ட ஆங்கிலத்துக்கும் அடிவரிசையிலேயே இடம். ஈஸ்ட் ஹாமிலும் ஹாரோவிலும் கடை நடத்தும் நம்மவர்கள் முதல் தலைமுறையில் சுமந்த பாரம் அது.

பட்டியலில் 'உங்களுடையதைப் போன்ற ஆக்சென்ட்' என்றும் ஒன்று இருந்தது. அது மிக மேலே, உச்சியை ஒட்டி வந்தது. ஊர்ப் பெயரைச் சொல்லாமல் 'உங்கள் பேச்சு எப்படி?' என்றால் பிடித்திருக்கிறது. கிளாஸ்கோ, லிவர்பூல், பர்மிங்ஹாம் என்று பெயர் வந்தவுடன் நாடு மொத்தமாக முகம் சுளிக்கிறது. மக்கள் தங்கள் பேச்சை வெறுக்கிறார்கள் என்று பொதுவாகச் சொல்வது சரியல்ல. பிடித்தும் இருக்கிறது, அது ஊரில் செல்லாது என்பதும் தெரிந்திருக்கிறது.

ஒலியே காதுக்கு இனிமையற்றது என்று வாதிடுபவர்களுக்கும் பதில் உண்டு. டிரட்கிலும் கைல்ஸும் 1970களின் இறுதியில் பிரிட்டனின் பல ஆக்சென்டுகளை அமெரிக்கர்களுக்கும் கனடாக்காரர்களுக்கும் போட்டுக் காட்டினார்கள். பர்மிங்ஹாம் எங்கே இருக்கிறது, அங்கே தொழிற்சாலைகள் உண்டா என்பதெல்லாம் தெரியாத காதுகள் அவை. பிரிட்டிஷ்காரர்கள் போட்ட வரிசை அங்கே வரவில்லை. புகைக்கூண்டுகளும் தொழிலாளர் குடியிருப்புகளும் நிறைந்த நகரம் என்ற சித்திரம் மனதில் இல்லாதவருக்கு அந்தப் பேச்சில் அசிங்கம் எதுவும் கேட்கவில்லை. எனக்குத் தெரிந்து இந்த விவகாரத்தில் இதைவிட வலுவான சான்று இல்லை.

சொந்தப் பேச்சைப் பற்றி மனிதர்கள் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்பது தனிக் கதை. நாரிச் நகரத்தில் பிறந்த டிரட்கில், 1960களின் இறுதியில் அந்த ஊரில் 60 பேரைப் பதிவு செய்தார். எடுத்துக்காட்டாக, 'டியூன்' என்ற சொல்லை உள்ளூரில் 'டூன்' என்றும் சொல்வதுண்டு. இப்படிச் சில சொற்களின் இரு வடிவங்களையும் சொல்லிக் காட்டி, 'நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்?' என்று கேட்டுவிட்டு, பிறகு அவர்கள் உண்மையில் எப்படிப் பேசினார்கள் என்று ஒலிநாடாவில் ஒப்பிட்டார். பெண்கள் பலர் தாங்கள் பேசுவதைவிட உயர்ந்த வடிவத்தைச் சொல்வதாகக் கருதினார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆண்கள் நேர் எதிர். சில சொற்களைத் திருத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தவர்களில் கணிசமானோர், அவற்றை ஊர் வழக்கிலேயே சொல்வதாகச் சாதித்தார்கள்! பொய் சொல்லவில்லை, அப்படித்தான் தங்கள் காதில் விழுகிறது. நம்ம ஊர் ஆம்பளை இப்படித்தான் பேசுவான் என்ற எண்ணத்தைத் தாண்டிக் காது போகவில்லை.

மிடில்ஸ்பரோவில் நடந்தது இன்னும் சுவையானது. யார்க்‌ஷயரில் இருந்த அந்த ஊர் 1968இல் டீஸைடு என்ற நிர்வாகப் பகுதிக்குள் போனது. 1974இல் கிளீவ்லாண்ட் மாவட்டத்தில் சேர்ந்தது. 1996இல் அந்த மாவட்டமே கலைக்கப்பட்டது. அங்கே ஆய்வு செய்த கார்மென் யாமாஸிடம், முதியவர்கள் தங்களை யார்க்‌ஷயர்காரர் என்றார்கள். இளையவர்களுக்கு அந்த உறவு இல்லை. தாங்கள் மிடில்ஸ்பரோ என்றார்கள். பேச்சும் கூடவே நகர்ந்தது. சொல்லின் நடுவில் வரும் 'ப்' ஒலியைத் தொண்டையில் அழுத்தி நிறுத்தும் வடகிழக்கு வழக்கம் இளையவர்களிடம் அதிகமாகிவிட்டது. வெளியூர்க் காதுக்கு அது நியூகாசில் பேச்சாகக் கேட்கும். அவர்களை நியூகாசில்காரர் என்று அழைத்துப் பாருங்கள், தெரியும் சேதி. கோப்பில் எல்லைக்கோடு போட்ட அதிகாரிகள் மக்கள் தொண்டையையும் மாற்றுவோம் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

மாற்றிக்கொண்டாலும் முழுதாகப் போவதில்லை. லிங்கன்ஷயரின் கிரான்தம் நகர மளிகைக் கடைக்காரரின் மகளான மார்கரெட் தாட்சர், பயிற்சி எடுத்துத் தன் குரலையும் உச்சரிப்பையும் மாற்றியவர். 1983இல் நாடாளுமன்றத்தில் எதிர்க்கட்சியைச் சீண்டும் ஆவேசத்தில், பயந்துவிட்டீர்களா என்பதற்கு 'ஃபிரிட்' என்ற லிங்கன்ஷயர் சொல் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. மறுபக்கம், இரண்டாம் எலிசபெத் அரசியின் கிறிஸ்துமஸ் உரைகளை 1950களிலிருந்து 1980கள் வரை அளந்து பார்த்த ஜொனதன் ஹாரிங்டன் குழு, அரசியின் உயிரொலிகள் சாதாரணத் தென் இங்கிலாந்து மக்களின் பேச்சை நோக்கி இறங்கிவந்திருப்பதை 2000இல் 'நேச்சர்' இதழில் காட்டியது. அரசிக்கு யாரும் 20 பவுண்டு அனுப்பியதாகத் தகவல் இல்லை.

சிரித்துவிட்டுக் கடந்துபோகக்கூடிய விஷயமல்ல இது. சட்டன் டிரஸ்ட் 2022இல் வெளியிட்ட அறிக்கையின்படி, வட இங்கிலாந்திலிருந்து வந்த பல்கலைக்கழக மாணவர்களில் 41 சதவீதம் பேர், தங்கள் ஆக்சென்ட் எதிர்காலத்தில் முன்னேறத் தடையாகுமோ என்று கவலைப்பட்டார்கள். லண்டன் நீங்கலான தெற்கில் அது 19 சதவீதம். அவர்கள் பயம் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. பிரிட்டனின் சமத்துவச் சட்டம் 2010 ஒன்பது அடையாளங்களுக்குப் பாதுகாப்பு தருகிறது: வயது, பாலினம், இனம், மதம் உட்பட. ஊர்ப் பேச்சோ வர்க்கமோ அதில் இல்லை. லிவர்பூல் பேச்சுக்காக ஒருவரை வேலைக்கு எடுக்காமல் விட்டால் அவர் எந்தப் பிரிவின் கீழ் வழக்குப் போடுவார்?

சட்டம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை என்பதுதான் ஒரே நல்ல செய்தி. 2004 ஆய்வின் ஆக்சென்ட் பட்டியலை மீண்டும் சோதித்த எரெஸ் லெவன், தேவயானி சர்மா உள்ளிட்ட ஆய்வாளர்கள், ஆட்தேர்வாளர்களின் பாரபட்சத்தைக் குறைக்கப் பல வழிகளை முயன்று பார்த்தார்கள். அதிகம் பலன் தந்தது மிக எளிய வழி: நேர்காணலுக்கு முன்பு, 'ஆக்சென்டை வைத்து எடைபோடும் பழக்கம் நமக்கு உண்டு, பதிலின் உள்ளடக்கத்தைக் கவனியுங்கள்' என்ற பொருளில் சில வரிகளைப் படிக்கக் கொடுப்பது. செலவில்லாத இந்தக் காரியத்தை பிரிட்டனின் ஒவ்வொரு நிறுவனமும் நேர்காணல் அறைக்குள் கட்டாயமாக்க வேண்டும்.