விட்டமின் போத்தலும் வீட்டு முதியோரும்

எமது வர்த்தகர்களில் பலர் அண்மைக்காலமாக விட்டமின் பக்கம் திரும்பியிருக்கிறார்கள். பாமசிக்காரர் மட்டுமன்றி, பலசரக்குக் கடைக்காரரும் போத்தல்களை அடுக்கி வைக்கிறார். இலாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால், 'வயதானவர்கள் விழாமல் காக்கும்' என்று சொல்லி விட்டமின் டி விற்பதை என்னால் ஏற்க முடியாது.

2009 இல் வெளிவந்த ஓர் ஆய்வுத் தொகுப்பு, தினமும் 700 முதல் 1000 அலகு வரை எடுக்கும் முதியோர் விழுவது 19 வீதம் குறையும் என்றது. விற்பனைப் பிரதிநிதிகள் இதை மட்டும் சொல்வார்கள். அவுஸ்திரேலியாவில் 70 வயதும் அதற்கு மேலுமான 2,256 பெண்களிடம் செய்து, அடுத்த வருடம் வெளிவந்த ஆய்வைச் சொல்லமாட்டார்கள். அதில் வருடத்துக்கு ஒரு தடவை 5 இலட்சம் அலகு எடுத்தவர்கள், மருந்தில்லாத குளிசை எடுத்தவர்களை விட 15 வீதம் அதிகமாக விழுந்தார்கள். எலும்பு முறிவும் கூடியது. 2018 இல் அமெரிக்காவின் நோய்த்தடுப்புப் பணிக்குழு, வீட்டில் வாழும் 65 வயதைக் கடந்தோருக்கு விழுவதைத் தடுக்கவென்று இதைக் கொடுக்க வேண்டாம் என்றே பரிந்துரைத்தது. குறைபாடு கண்டு டொக்டர் எழுதித் தருவது வேறு விடயம்.

பி12 பற்றியும் ஒரு வார்த்தை. சீனி வருத்தத்துக்குப் பல வருடங்களாக மெட்போமின் குடிப்பவர்களுக்கு அது குறையலாம். குறைந்தால் கால் விறைக்கும், நடை தள்ளாடும். அப்படியானவரை இரத்தப் பரிசோதனைக்கு அனுப்புங்கள். போத்தலைக் கையில் கொடுத்து விடாதீர்கள்.

விழுவதைக் குறைப்பதாக நன்கு நிரூபணமானது உடற்பயிற்சி. கால்களுக்கு வலுவும் உடம்புக்குச் சமநிலையும் தரும் பயிற்சி. 2019 இல் 108 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 23 வீதக் குறைவு தெரிந்தது. இதில் நாம் விற்க ஒன்றுமில்லை!

விற்க வேண்டுமென்றால் ஹாட்வெயார் கடைக்காரர்களுக்குத்தான் வேலை இருக்கிறது. சுபஹுக்கு எழும்பி அரை இருட்டில் வுழூ செய்யப் போகும் மூத்தவாப்பா எங்கே வழுக்குகிறார்? நாம் விற்ற பளபளப்பான டைல்ஸில்தான். டைல்ஸ் வாங்க வருபவரிடம் வீட்டில் வயதானவர்கள் இருக்கிறார்களா என்று கேளுங்கள். சொரசொரப்பான டைல்ஸையும் இரவு விளக்கையும் சுவர்க் கைபிடியையும் காட்டுங்கள். கைபிடியை இறுக்கமாகப் பூட்ட ஒரு பாஸையும் அனுப்பி வையுங்கள். துவாய் போடும் கம்பி ஆள் பாரம் தாங்காது. அதைக் கைபிடி என்று விற்றுவிட வேண்டாம்.