சரிசெய்தாகிவிட்டது என்றால், எந்தப் பதிப்பில்?

கடந்த ஆண்டு எங்கள் பள்ளி அறிவியல் மன்றத்தில் படிவம் 4 மாணவர்கள் சிலர், செடிக்குத் தானாகவே நீர் ஊற்றும் கருவி ஒன்றைச் செய்தார்கள். மண்ணின் ஈரத்தை உணரி அளக்கும். ஈரம் குறைந்தால் பம்பு ஓடும், போதுமானதும் நின்றுவிடும். கண்காட்சி நாளன்று பம்பு நிற்கவே இல்லை. மேசை முழுவதும் தண்ணீர்.

நிரல் எழுதிய மாணவனைக் கடிந்துகொண்டேன். “டீச்சர், அந்தப் பிழையைப் போன வாரமே திருத்திவிட்டேன்” என்றான். நான் நம்பவில்லை. மறுநாள் சோதித்தபோது அவன் சொன்னது உண்மை என்று தெரிந்தது. திருத்திய நிரல் கணினியில் பத்திரமாக இருந்தது. கருவியில் ஏற்றப்பட்டிருந்ததோ பழைய நிரல். இரண்டு கோப்புகளுக்கும் ஒரே பெயர்!

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். நிரலுக்குப் பதிப்பு எண் இடும் பழக்கத்தை அவர்களுக்கு நான் கற்றுத் தரவில்லை என்பதே உண்மையான குறை.

உங்கள் கைப்பேசியில் உள்ள செயலிகளைப் பாருங்கள். 2.4.1 என்பது போன்ற எண் இருக்கும். பரவலாகப் பின்பற்றப்படும் முறைப்படி, முதல் எண் மாறினால் பழையதோடு ஒத்துப்போகாத பெரிய மாற்றம். நடு எண் மாறினால் புதிய வசதி. கடைசி எண் மாறினால் பிழைத் திருத்தம். எல்லாரும் இம்முறையைப் பின்பற்றுவதில்லை. டொனால்ட் குனூத் உருவாக்கிய ‘டெக்’ என்னும் அச்சுக்கோப்பு மென்பொருளின் பதிப்பு எண், ஒவ்வொரு திருத்தத்தின்போதும் ‘பை’ மதிப்பை நோக்கி ஓர் இலக்கம் நீள்கிறது. 2021இல் அது 3.141592653 ஆனது.

பெரிய நிறுவனங்களில் பயனர்களின் புகார்களைப் பதிய, சேவை மேலாண்மை மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். ‘ஜிரா’ போன்றவற்றில், ஒரு சிக்கலைப் பதியும்போது இரண்டு விவரங்களைக் குறிக்கலாம்: எந்தப் பதிப்பில் சிக்கல் உள்ளது, எந்தப் பதிப்பில் அது தீர்க்கப்பட்டது. இவ்விரண்டும் தெரிந்தால், யாருடைய கணினியில் இன்னும் ஆபத்து உள்ளது என்பதை உடனே சொல்லிவிடலாம்.

இதன் அருமையை 2021 டிசம்பரில் உலகமே உணர்ந்தது. ஜாவா நிரல்கள் பலவற்றில் நிகழ்வுகளைப் பதிவு செய்ய உதவும் ‘லாக்ஃபோர்ஜே’ என்ற மென்பொருளில் கடுமையான பாதுகாப்பு ஓட்டை ஒன்று வெளிப்பட்டது. திருத்தத்துடன் 2.15.0 வந்தது. சில நாள்களிலேயே அந்தத் திருத்தம் முழுமையானதல்ல என்று தெரிந்து 2.16.0 வந்தது. வேறு குறைகள் தென்படவே 2.17.0, பிறகு 2.17.1. எல்லாம் ஒரே மாதத்துக்குள்! அந்த நாள்களில், “நாங்கள் புதுப்பித்துவிட்டோம்” என்று மட்டும் சொன்னால் அதற்குப் பொருளே இல்லை. எந்த எண்ணுக்குப் புதுப்பித்தீர்கள் என்பதே கேள்வி.

“பள்ளித் திட்டத்துக்கு இவ்வளவு தேவையா?” என்று கேட்பீர்கள். எண் போட்டதால் மட்டும் பிழை மறைந்துவிடாதுதான். ஆனால், தற்சார்பு மாறி, சார்பு மாறி, கட்டுப்படுத்தப்பட்ட மாறி என்று பரிசோதனை அறிக்கையில் எழுதுகிறீர்களே, கருவியை இயக்கும் நிரலும் ஒரு மாறிதான். நேற்று ஒரு பதிப்பு, இன்று இன்னொரு பதிப்பு என்று ஓட்டிவிட்டு முடிவுகளை ஒப்பிட்டால் அது நியாயமான சோதனை ஆகாது. ஆகவே, நிரல் பயன்படும் எந்தத் திட்டத்திலும் பதிப்பு எண் இல்லாத அறிக்கையை ஆசிரியர்கள் ஏற்கக்கூடாது என்பது என் கருத்து.

இவ்வாண்டு எங்கள் மன்றத்தின் குறிப்பேட்டில் மூன்று கட்டங்கள் வரைந்திருக்கிறோம்: சிக்கல், கண்ட பதிப்பு, தீர்ந்த பதிப்பு. கருவியின் மேல் சிறு தாளில் பதிப்பு எண்ணை எழுதி ஒட்டுகிறோம். இனி யாராவது “திருத்திவிட்டேன், டீச்சர்” என்றால், கடிந்துகொள்வதற்கு முன் அந்தத் தாளைப் பார்ப்பேன்.